விருதுக்குத் தேர்வாகிவிட்டீர்களாம், 68,000 ரூபாய் கட்டலாமா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஈடிஐ (ஆர்டர், இன்வாய்ஸ் போன்றவற்றை ஒரே மாதிரி வடிவத்தில் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அனுப்பும் முறை) வேலையைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் எழுதியிருக்கிறார்: "மின்வணிகத் தரவுத் தரங்களில் தலைமைத்துவ விருதுக்கு எங்கள் நிறுவனம் தேர்வாகியிருப்பதாக ஏதோ 'குளோபல் கவுன்சில்' பெயரில் மெயில் வந்தது. முகவரி .ஓஆர்ஜி என்று முடிகிறது, அதனால் நம்பலாம் என்று தோன்றுகிறது. டெல்லியில் விழா. பதிவுக் கட்டணம் 68,000 ரூபாயை வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார்கள். முதலாளி கட்டிவிடலாம் என்கிறார். இது நிஜமா? அமெரிக்க பையர்கள் மதிப்பார்களா?"

கட்டாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை, உங்கள் வேலையை யாரும் வந்து பார்க்கவும் இல்லை, அப்புறம் எதை வைத்துத் தேர்வு செய்தார்கள்? மெயில் முகவரி .ஓஆர்ஜி என்று முடிகிறது என்பதை நம்பிக்கைக்குக் காரணமாகச் சொல்கிறீர்கள். அதை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். 'கவுன்சில்', 'குளோபல்' என்ற பெயர்களும் அப்படித்தான்.

இந்தத் துறையில் உண்மையான விருது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் டிசா என்ற தரவுப் பரிமாற்றத் தரச் சங்கம் எட்வர்ட் கில்பர்ட் பெயரில் ஒரு விருது கொடுத்துவந்தது. 1948-ல் சோவியத் படைகள் பெர்லினுக்குப் போகும் வழிகளை அடைத்தபோது உணவும் நிலக்கரியும் விமானத்தில் போயின. சரக்குப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று சேராமல் பெரிய குழப்பம். ராணுவத்தில் இருந்த கில்பர்ட், டெலக்ஸிலோ ரேடியோவிலோ போனிலோ அனுப்பக்கூடிய ஒரே மாதிரிப் பட்டியலை உருவாக்கினார். பிறகு டூபான்ட் கம்பெனியில் அதே யோசனையை வளர்த்தார். அந்த வழியில் வந்ததுதான் 1979-ல் தொடங்கிய எக்ஸ்12 என்ற தரங்கள் வகுக்கும் குழு. நீங்கள் தினமும் கையாளும் ஆர்டர் (எண் 850), ஷிப்மென்ட் அறிவிப்பு (856), இன்வாய்ஸ் (810) எல்லாம் அதன் தரங்கள். அந்த விருது கம்பெனிக்கு இல்லை, தரங்களுக்காக உழைத்த தனி மனிதருக்கு.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். சில நேர்மையான தொழில் விருதுகளும் பணம் வாங்கும். ஆனால் அது விண்ணப்பக் கட்டணம்: நீங்களாக விண்ணப்பிக்கும்போது, தேர்வுக்கு முன்னால் கட்டுவது, எல்லோருக்கும் ஒரே தொகை, நடுவர்கள் யார் என்பதும் வெளியே தெரியும், தோற்றாலும் திரும்பி வராது. உங்களுக்கு வந்திருப்பது தேர்வு முடிந்த பிறகு கேட்கும் பணம். ஜெயித்துவிட்டீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டு அதற்கப்புறம் பில் போட்டால், அதன் பெயர் கட்டணம் இல்லை, விலை.

இதைவிட எனக்கு அதிகக் கோபம் வருவது 'ஈடிஐ சர்ட்டிஃபிகேட்' வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்கள் மீது. விருது மெயிலுக்குப் பதில் போட்டால் அடுத்து அவர்கள் கூப்பிடுவார்கள், பாருங்கள். உங்கள் பையர் தன் டெஸ்டிங்கில் உங்கள் ஃபைலை ஏற்றுக்கொண்டாரா என்பதுதான் அவருக்கு முக்கியம். 856-ல் இருக்கும் 18 இலக்கப் பெட்டி எண் லேபிளில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் சார்ஜ்பேக் (உங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளும் அபராதம்) போடுவார், சுவரில் எத்தனை ஷீல்டு தொங்கினாலும் போடுவார்.

தப்பு உங்கள் முதலாளி மேல் இல்லை. டெண்டரிலும் பேங்கிலும் "என்ன விருது வாங்கியிருக்கிறீர்கள்" என்று ஒரு கட்டம் வைத்துவிட்டு, கொடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அந்தக் கட்டத்தை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

மெயிலுக்குப் பதில் போடாதீர்கள், லோகோவையும் ஜிஎஸ்டி எண்ணையும் அனுப்பாதீர்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு போன் செய்துவிட்டு, பேங்குக்கும் சொல்லுங்கள். அந்த 68,000-ஐ ஒரு நல்ல லேபிள் பிரிண்டருக்கும், உங்களோடு வேலை செய்யும் பையனின் பயிற்சிக்கும் கேளுங்கள். முதலாளி மறுத்தால் போன வருட சார்ஜ்பேக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.