பீர் டப்பாவுக்கு வந்த நீதிமன்றச் சீட்டு: அமெரிக்காவில் படிக்கும் மகனுக்கு என்ன சொல்வது?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வயது 19. சென்ற வாரம் நண்பர்களின் வீட்டில் நடந்த பார்ட்டியில் சத்தம் அதிகம் என்று யாரோ புகார் சொல்ல, போலீஸ் வந்திருக்கிறது. இவன் கையில் பீர் டப்பா. கைது செய்யவில்லை, ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். "ஆன்லைனில் அபராதம் கட்டிவிட்டால் முடிந்தது" என்கிறான். கண்டித்தால், "18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், ஒரு பீர் குடிக்கக் கூடாதா? நூறு கல்லூரித் தலைவர்களே இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்று என்னிடமே வாதாடுகிறான். விசா போய்விடுமா? டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரச் சொல்லலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: முதலில் அவனுடைய கையைப் பிடித்து நிறுத்துங்கள் அம்மா. அந்த அபராதத்தை இப்போது கட்ட வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

டெக்சாஸ் சட்டப்படி அபராதத்தைக் கட்டுவது வெறும் பணம் செலுத்துவது ஆகாது. குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டு, குற்றவாளி என்ற முடிவுக்கும் சம்மதித்ததாகவே நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளும். அமெரிக்க மாணவனுக்கு இது பெரிய விஷயம் இல்லை. அவன் பணத்தைக் கட்டிவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போய்விடுவான். மாணவர் விசாவில் இருப்பவனுக்கு அந்த ஒரு சொடுக்கில் 'தண்டனை பெற்றவன்' என்ற பதிவு விழுகிறது. அடுத்த விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டி வரும்.

பயத்தையும் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். 21 வயது ஆகாதவர் மது வைத்திருந்தது டெக்சாஸில் 'சி' வகுப்புச் சிறு குற்றம். இதற்குச் சிறை கிடையாது. அபராதத்தின் உச்சவரம்பு 500 டாலர். அதோடு மது விழிப்புணர்வு வகுப்பு, முதல் தடவையென்றால் 8 முதல் 12 மணி நேரச் சமூக சேவை, 30 நாள் ஓட்டுநர் உரிம நிறுத்தம். இந்தக் குற்றம் ஒன்றுக்காக மட்டும் ஒருவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் இடமில்லை. ஏமாற்று, திருட்டு போன்ற 'ஒழுக்கக்கேடான' குற்றங்களின் பட்டியலிலும் இது வராது. ஆகவே, இந்தச் சீட்டு ஒன்றினாலேயே அவன் படிப்பு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலட்சியம் வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் 'செவிஸ்' பதிவுகள் (வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கும் அரசின் கணினிப் பதிவுகள்) திடீரென ரத்தாயின. அவர்களில் பலர் மீது இருந்தவை சில்லறை வழக்குகள். சிலருடையவை ஏற்கெனவே தள்ளுபடியானவை. வழக்குகள் குவிந்து, நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகே அந்தப் பதிவுகள் மீட்கப்பட்டன. சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, கணினியில் யார் பெயர் எந்தப் பட்டியலில் நிற்கிறது என்பதையும் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சீட்டின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த நீதிமன்றம், எந்தத் தேதிக்குள் வர வேண்டும், குற்றத்தின் பெயர் என்ன என்ற மூன்றும் அதில் இருக்கும். தேதியைத் தவறவிட்டால் பிடிவாரண்ட் பிறக்கும். சிறிய விஷயம் பெரிதாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடுத்தது வக்கீல். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் கட்டணத்திலிருந்தே நடத்தப்படும் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. அங்கே ஆலோசனைக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்காது. அங்கிருக்கும் வக்கீலிடம் "நான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறேன்" என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். உள்ளூர் வழக்கை நன்றாக நடத்தத் தெரிந்தவருக்குக் குடியேற்றச் சட்டம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது; தேவைப்பட்டால் குடியேற்ற வக்கீல் ஒருவரிடமும் ஒரு மணி நேரம் பேசிவிடலாம். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை அதற்குப் பிறகு அணுகலாம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் அவனுடைய வக்கீல்கள் அல்லர்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டெக்சாஸ் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் தீர்ப்பை ஒத்திவைக்கும் சலுகையைத் தருகின்றன. வகுப்புக்குப் போ, சில மாதம் வம்புக்குப் போகாமல் இரு, வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம் என்பார்கள். கேட்க இனிக்கும். ஆனால் அதற்கு முன்பு 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'எதிர்க்கவில்லை' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லி, நீதிமன்றம் ஏதாவது ஒரு நிபந்தனையும் விதித்துவிட்டால், உள்ளூரில் வழக்கு தள்ளுபடியான பிறகும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகக் கருத முடியும். 21 வயதானபின் இந்தப் பதிவை அழிக்கக் கேட்கவும் டெக்சாஸில் வழி உண்டு. அந்த அழிப்பும் தூதரகத்தின் கண்ணில் அழிப்பு ஆகாது. எனவே ஒப்புதல் எதுவும் கொடுக்காமலேயே தள்ளுபடி வாங்க முடியுமா என்பதை வக்கீலிடம் நேரடியாகவே கேட்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் பயணம் வழக்கு முடிந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. வாய்தா பாக்கி இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேற வேண்டாம். முடிந்துவிட்டால், தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வரலாம். விசா முத்திரை காலாவதியாகிச் சென்னையில் புதுப்பிக்க வேண்டிய நிலை என்றால், முதலில் குடியேற்ற வக்கீலின் சம்மதம் வேண்டும். விண்ணப்பத்தில் எதையும் மறைக்க வேண்டாம். பீர் டப்பாவுக்காக ஒருவருக்கு நிரந்தரத் தடை வராது; அதை மறைத்துப் பொய் சொன்னால் வரலாம்.

இதைவிடப் பெரிய வினைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. கடந்த ஐந்தாண்டுக்குள் அப்படி ஒரு கைது இருந்தாலே, தண்டனை வரும்வரை காத்திராமல் விசாவை ரத்து செய்யும் நடைமுறை அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் இருக்கிறது. மறுபடி விசா கேட்டால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். டெக்சாஸில் 21க்குக் கீழே இருப்பவருக்கு, இரத்தத்தில் 0.08 சதவீத மது என்ற பெரியவர்களுக்கான வரம்பெல்லாம் கிடையாது. மூச்சில் மது துளி தெரிந்தாலும் குற்றம். இரண்டாவது, போலி அடையாள அட்டை. மாணவர்கள் அதை விளையாட்டாக வாங்குகிறார்கள். குடியேற்றச் சட்டம் அதை ஏமாற்று என்று படிக்கக்கூடும். மகனிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கோபப்படாமல் கேளுங்கள். இருந்தால் இனி அதை எங்கேயும் நீட்டக் கூடாது. வக்கீலைப் பார்க்கும்போது அதையும் மறைக்காமல் சொல்லிவிடட்டும்.

இனி அவனுடைய வாதத்துக்கு வருவோம். அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அமெரிக்காவே அரை நூற்றாண்டாக இதில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் வாக்குரிமை வயதை 18 ஆக்கியது. வியட்நாமுக்கு அனுப்பப்படும் பையனுக்கு ஓட்டு இல்லையா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் அது. அதே வேகத்தில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. டெக்சாஸ் 1973இல் 18 ஆக்கியது. சாலை விபத்துகள் ஏறின. 1981இல் டெக்சாஸ் 19க்கும், 1986இல் 21க்கும் திரும்பியது.

இரண்டாவது ஏற்றம் தானாக நடந்தது இல்லை. குடிபோதை ஓட்டுநர் ஒருவரின் கார் மோதி 13 வயது மகளைப் பறிகொடுத்த கேண்டி லைட்னர் என்ற தாய் 1980இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'மேட்' (குடிபோதை ஓட்டுதலுக்கு எதிரான தாய்மார்கள்) இயக்கம் தெருவில் இறங்கியது. 1984 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், 21 வயதுக்குக் கீழே மது வாங்கவும் பொது இடத்தில் வைத்திருக்கவும் அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை வெட்டியது. மது விஷயம் மாநிலங்களின் உரிமை என்பதால் மத்திய அரசு நேரடியாகத் தடை போடாமல் பணப்பையைப் பிடித்தது. 19 வயதினருக்கு இலேசான பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு, 1987இல் உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று தோற்றது. 1988இல் கடைசியாக வயோமிங் மாநிலமும் பணிந்தது. வீட்டுக்குள் குடிப்பது பற்றி மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டெக்சாஸில் பெற்றோர் பக்கத்தில், கண்ணெதிரே இருந்தால் பிள்ளை குடிக்கலாம். நீங்கள் ஈரோட்டிலிருந்து வீடியோ அழைப்பில் இருப்பது அந்தக் கணக்கில் சேராது.

மகன் சொல்லும் கல்லூரித் தலைவர்கள் கதை 2008இல் நடந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல் தொடங்கிய 'அமெதிஸ்ட் முன்முயற்சி' அது. டியூக், டார்ட்மத், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் உட்பட 130க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். ஆனால் '18 ஆக்குங்கள்' என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. 21 பலன் தரவில்லை, மறைவில் அளவின்றிக் குடிக்கும் பழக்கம் வளர்ந்திருக்கிறது, எனவே திறந்த மனதோடு விவாதியுங்கள் என்றுதான் கேட்டது. நாடாளுமன்றம் அசையவில்லை.

நோயைக் கண்டுபிடித்ததில் அந்தத் தலைவர்கள் சரி என்பது என் கருத்து. மருந்தில்தான் எனக்குச் சந்தேகம். எண்கள் 21இன் பக்கம் நிற்கின்றன. 21ஆவது பிறந்தநாளைத் தாண்டியதும் அமெரிக்க இளைஞர்களின் இறப்பு விகிதம் சுமார் 9 சதவீதம் சட்டென்று எகிறுவதைக் கார்பென்டர், டாப்கின் என்ற பொருளியலாளர்கள் 2009இல் காட்டினார்கள். நியூசிலாந்து 1999இல் வாங்கும் வயதை 20இலிருந்து 18க்கு இறக்கியபோது பதின்ம வயதினரின் விபத்துக் காயங்கள் கூடின. பஸ்ஸும் ரயிலும் உள்ள ஐரோப்பிய நகரத்து மாணவன் குடித்துவிட்டு நடந்தே வீடு போவான். டெக்சாஸில் கார் இல்லாமல் பால் பாக்கெட்டுகூட வாங்க முடியாது. வயது எல்லை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபட்ட காலத்தில், டெக்சாஸ் பிள்ளைகள் சபீன் ஆற்றைத் தாண்டி லூசியானாவுக்குப் போய்க் குடித்துவிட்டு இரவில் ஓட்டித் திரும்பினார்கள். தமிழ்நாட்டில் 21, புதுச்சேரியில் 18 என்று இருப்பதால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிகளில் என்ன நடக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தலைவர்கள் சொன்ன மறைவு உண்மை. கல்லூரி பார்ட்டியில் பீர் டப்பா உண்மையில் பாதுகாப்பான பொருள். 355 மில்லி, 5 சதவீதம், எத்தனை குடித்தோம் என்று எண்ண முடியும். ஆபத்து அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் கோப்பையில். ஒரு பெரிய தொட்டியில் பழரசத்தோடு வோட்காவையோ, 95 சதவீதம்வரை போகும் தானியச் சாராயத்தையோ கலந்து, கரண்டியால் மொண்டு ஊற்றுவார்கள். இனிப்பில் காரம் தெரியாது. ஒரு கோப்பை என்று நினைத்துக் குடிப்பது நான்கு பீருக்குச் சமமாக இருக்கலாம். ஆண் இரண்டு மணி நேரத்தில் ஐந்து பீர் அளவை எட்டினாலே அது மிதமிஞ்சிய குடி என்று அமெரிக்கச் சுகாதார அமைப்புகள் வரையறுக்கின்றன, பெண்ணுக்கு நான்கு. கோப்பையில் அந்தக் கணக்கு எவனுக்கும் தெரியாது.

மறைவின் மிகக் கொடிய விளைவு, உதவிக்குக் கூப்பிடத் தயங்குவது. 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஒரு மாணவர் சங்க விடுதியில் அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்ட 19 வயது மாணவர் படியிலிருந்து விழுந்தார். சுற்றி ஆட்கள் இருந்தும் சுமார் 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவர் இறந்துபோனார். இந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் 'மருத்துவ மன்னிப்பு' விதிகள் வந்தன. கார்னெல் பல்கலைக்கழகம் 2002இலேயே தொடங்கியது. டெக்சாஸில் 2011 முதல் சட்டமே இருக்கிறது. மது மிகுந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் முதலில் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைப்பவர், உதவி வரும்வரை அங்கேயே இருந்து ஒத்துழைத்தால், வயதுக்கு முன் குடித்த வழக்கு அவர் மீது வராது. தனக்காகவே அழைத்தாலும் அதே பாதுகாப்பு. போதைப்பொருளுக்கோ மற்ற குற்றங்களுக்கோ இந்தப் பாதுகாப்பு நீளாது.

நம் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. விசா பயத்தில், மயங்கிக் கிடக்கும் அறைத் தோழனுக்கு மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து விடியும்வரை காத்திருப்பார்கள். மோர், காபி, குளிர்ந்த நீர் எதுவும் இரத்தத்தில் ஏறிய மதுவை இறக்காது. எழுப்பினால் எழவில்லை, தூக்கத்திலேயே வாந்தி, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே பத்து நொடி இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லிட்டிருக்கிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 911ஐ அழைக்க வேண்டும். மல்லாத்திப் படுக்கவிடக் கூடாது. தனியாகவும் விடக் கூடாது.

கல்லூரியிலிருந்து உங்களுக்குத் தகவல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 21 வயதுக்குக் கீழ் உள்ள மாணவரின் மது மீறலைப் பெற்றோருக்குத் தெரிவிக்க 1998 முதல் சட்டம் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பல கல்லூரிகள் சொல்வதில்லை. இந்த முறை அவனே உங்களிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த முறையும் சொல்ல வேண்டுமானால் இன்றைய தொலைபேசிப் பேச்சில் பெரும்பகுதி வக்கீல், தேதி, 911 பற்றியதாக இருக்கட்டும். வக்கீலிடம் நேரம் வாங்கியபின், அவர் சொன்னதை எழுத்தில் உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். டிக்கெட் எடுப்பதை அதுவரை தள்ளிவையுங்கள்.