என்ஜினின் மூன்று கண்கள்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க ரயில் என்ஜின்களில் பட்டப்பகலிலும் முகப்பு விளக்கு எரிகிறதே, வீண்தானே?

பதில்: பாதையைப் பார்க்க மட்டும்தான் விளக்கு என்றால் வீண்தான். இரவில் 800 அடி முன்னால் நிற்கும் ஆள் தெரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் மணிக்கு 55 மைல் வேகத்தில் வரும் நீண்ட சரக்கு ரயில் நிற்க ஒரு மைலுக்கு மேலும் ஆகலாம். ஓட்டுநர் உங்களைப் பார்த்துப் பயனில்லை. நீங்கள்தான் ரயிலைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கீழே இரண்டு சிறு விளக்குகள் எதற்கு ஐயா? மேலே இருப்பதையே பெரிதாக்கினால் போதாதா?

பதில்: போதாது. இருட்டில் ஒற்றை வெளிச்சம் நகராமல் நிற்பதுபோலவே தோன்றும். சட்டென்று முன்னால் வந்துவிடும். மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக முக்கோணமாய் இருந்தால், தொலைவில் ஒரே பொட்டாகத் தெரிவது நெருங்க நெருங்கப் பிரிந்து விரியும். எவ்வளவு சீக்கிரம் விரிகிறது என்பதிலேயே ரயிலின் வேகம் பிடிபட்டுவிடும். கீழே உள்ள இரண்டுக்கும் ‘டிட்ச் லைட்’ (பள்ள விளக்கு) என்று பெயர். கனடாவின் மலைப்பாதை வளைவுகளில் பாறை சரிந்து கிடக்கிறதா என்று பார்க்க, பாதையோரப் பள்ளத்தை நோக்கி வைத்ததால் வந்த பெயர் அது. லெவல் கிராசிங்குகளை 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் கடக்கும் என்ஜின்களுக்கு, 1997 இறுதியிலிருந்து அமெரிக்காவில் கூடுதல் விளக்குகள் கட்டாயம். சிலவற்றில் ஹாரன் அடித்ததும் இரண்டும் மாறி மாறி மின்னும்.

கேள்வி: பழைய படங்களில் என்ஜினின் நெற்றியோரம் பச்சை விளக்கு தெரிகிறது. வழி விடச் சொல்வதா?

பதில்: இல்லை. ‘என் பின்னால் இதே ரயிலின் இன்னொரு பகுதி, தனி என்ஜினோடு வருகிறது’ என்று பொருள். ஒற்றைப் பாதையில், எதிர்த்திசை ரயில் பக்கவழியில் ஒதுங்கிக் காத்திருக்கும். முதல் பகுதி கடந்ததும் ‘போய்விட்டது’ என்று கிளம்பினால், இரண்டாவது பகுதியோடு நேருக்கு நேர்தான்! வெள்ளை விளக்கு என்றால் கால அட்டவணையில் இல்லாத ரயில். ரேடியோவும் மையக் கட்டுப்பாடும் வந்தபின் இந்த விளக்குகள் மறைந்தன.

கேள்வி: பக்கவாட்டில் ஒரு மூலையில் மட்டும் ‘எஃப்’ எழுத்து ஏன்?

பதில்: அதுதான் முன்பக்கம். சிரிக்காதீர்கள், பார்த்துச் சொல்வது கடினம்: சில ரயில்வேக்கள், ஓட்டுநர் அறைக்கு அப்பால் நீண்ட மூக்குள்ள பக்கத்தையே முன்பக்கமாக வைத்திருந்தன.

கேள்வி: என்ஜினில் எழுதியிருக்கும் உரிமையாளரின் எழுத்துக் குறியீடு சிலவற்றில் ‘எக்ஸ்’ என்று முடிகிறதே?

பதில்: உரிமையாளர் ரயில்வே அல்ல, வாடகைக்கு விடும் நிறுவனம் போன்ற தனியார்.

கேள்வி: பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டைகள் அழகுக்கா?

பதில்: இல்லை. இரவில், கடந்துகொண்டிருக்கும் ரயிலின் விலாவில் போய் மோதுகிற கார்கள் உண்டு; அவற்றின் ஓட்டுநர்களுக்கு ரயில் தெரியத்தான்.