ஜெனரலின் மகள் என்ற அடையாளத்துக்கு அப்பால்: சிலியின் எவெலின் மாத்தேய்

"தென் அமெரிக்காவின் பழமைவாதப் பெண் தலைவர்களில் யாருடைய வாழ்க்கை உங்களை அதிகம் யோசிக்க வைத்தது?" என்ற கேள்விக்குப் பெருவின் கெய்கோ ஃபுஹிமோரியையோ வெனிசுவேலாவின் மரியா கொரினா மச்சாடோவையோ பலர் சுட்டக்கூடும். நான் சிலி நாட்டின் எவெலின் மாத்தேயைச் சொல்வேன். அவருடைய அரசியலோடு, குறிப்பாக ஜெனரல் பினோசெட்டைச் சர்வாதிகாரியாக்கிய 1973-ஆம் ஆண்டின் ராணுவப் புரட்சியைக் குறித்த அவருடைய பார்வையோடு, எனக்குச் சற்றும் உடன்பாடு இல்லை. ஆனாலும் அவரை "பினோசெட் காலத்து ஜெனரலின் மகள்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஒப்புவதில்லை. அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பிய மோதல்களில் பலவும் எதிரணியோடு நடந்தவை அல்ல, சொந்த அணிக்குள்ளேயே நடந்தவை.

தந்தையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஃபெர்னாண்டோ மாத்தேய் சிலி விமானப்படை அதிகாரி. எவெலின் 1953 நவம்பர் 11 அன்று சாந்தியாகோவில் பிறந்தார். ஐம்பதுகளின் இறுதியில் அந்தக் குடும்பம் வட சிலியில், அந்தோஃபகாஸ்தாவுக்கு அருகிலுள்ள விமானத் தளத்தின் குடியிருப்பில் வசித்தது. அங்கே அக்கம்பக்கத்தில் இருந்தவர் இன்னொரு அதிகாரியான அல்பெர்டோ பச்லெட். இருவரும் நெருங்கிய நண்பர்கள். பச்லெட்டின் மகள் மிச்செல்தான் பின்னாளில் சிலியின் அதிபராகவும், இலங்கை குறித்த அறிக்கைகளின் வழியே தமிழ் வாசகர்கள் பலருக்கும் அறிமுகமான ஐ.நா. மனித உரிமைகள் ஆணையராகவும் ஆனவர்.

1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது மாத்தேய் லண்டன் தூதரகப் பணியில் இருந்தார். கவிழ்க்கப்பட்ட சோசலிஸ்ட் அதிபர் அலெண்டேயின் அரசில் உணவு விநியோகப் பொறுப்பை வகித்திருந்த பச்லெட்டோ, கைதுசெய்யப்பட்டு, தாம் பணியாற்றிய படையின் போர்க் கல்விக்கழகத்திலேயே சித்திரவதைக்கு உள்ளாகி, 1974 மார்ச் 12 அன்று சிறையில் மாரடைப்பால் இறந்தார். நாடு திரும்பிய மாத்தேய் அதே கல்விக்கழகத்தின் இயக்குநராக அமர்ந்தார். நண்பரைச் சிறையில் சென்று பார்க்கவில்லை என்பதையும், அன்று தம்மிடம் துணிவைவிட எச்சரிக்கை உணர்வே மேலோங்கி நின்றது என்பதையும் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பச்லெட்டின் மரணத்தில் அவருக்குப் பங்கிருந்ததாக நீதிமன்ற விசாரணையில் எதுவும் நிறுவப்படவில்லை. 1978-இல் அவர் விமானப்படைத் தளபதியாகி, பினோசெட்டின் ஆட்சிக்குழுவில் ஓர் உறுப்பினரானார்.

இதே மனிதர்தான் பினோசெட் ஆட்சியில் நீடிக்கலாமா என்று கேட்ட 1988 அக்டோபர் 5 பொதுவாக்கெடுப்பின் இரவில், அரசு முடிவை அறிவிக்காமல் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதிபர் மாளிகையான லா மொனேடாவுக்குள் நுழையும் முன் செய்தியாளர்களிடம், "வேண்டாம்" தரப்பே வென்றுவிட்டது தமக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பினோசெட் ஏறத்தாழ 56 சதவீத வாக்குகளால் நிராகரிக்கப்பட்டிருந்தார். நண்பரைப் பார்க்கப் போகாத எச்சரிக்கையும் அந்த இரவின் துணிவும் ஒரே ஆளிடம் இருந்தன என்பதை மறந்துவிட்டு மகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

எவெலின் இளமையில் பியானோ இசைக் கலைஞராக வர ஆசைப்பட்டவர். அந்தக் கனவைக் கைவிட்டு, சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர் செபாஸ்தியான் பின்யேரா. மக்களாட்சி திரும்பிய 1990-இல் எவெலின் வலதுசாரி தேசியப் புதுப்பிப்புக் கட்சியின் சார்பிலும், விரைவில் அதே கட்சியில் சேர்ந்த பின்யேரா சுயேச்சையாகவும் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தனர். பினோசெட்டின் நிழலிலிருந்து வலதுசாரிகளை வெளியே கொண்டுவரப்போகும் இளைஞர் அணி என்று பத்திரிகைகள் கொண்டாடிய நால்வரில் இவர்கள் இருவரும் அடக்கம். அடுத்த அதிபர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளராக இருவருமே முயன்றதுதான் வினையானது.

1992 ஆகஸ்ட் 23 அன்று இரவு, ஒரு தனியார் தொலைக்காட்சியின் அரசியல் விவாத நிகழ்ச்சியில், அந்த நிறுவனத்தின் உரிமையாளர் ரிக்கார்டோ கிளாரோ ஒரு சிறிய கியோட்டோ ரேடியோவை மேசைமேல் வைத்து, அதற்குள்ளிருந்த கேசட்டை ஓடவிட்டார். பின்யேரா தம் நண்பரிடம் தொலைபேசியில் பேசிய பேச்சு அது. வரவிருக்கும் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் எவெலினை எப்படியெல்லாம் மடக்கித் திணறடிக்க வேண்டும் என்று, ஒரு பத்திரிகையாளருக்குச் சொல்லி அனுப்பும்படி அவர் அதில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு கேசட்டோடு பின்யேராவின் வேட்பாளர் கனவு அப்போதைக்குக் கலைந்தது. எவெலின் பாதிக்கப்பட்டவராகத் தோன்றினார். சில வாரங்கள் மட்டுமே. உரையாடலை ஒட்டுக்கேட்டது ராணுவத்தின் தொலைத்தொடர்புப் படைப்பிரிவு என்பது வெளிப்பட்டது. கேசட் தம் கைக்கு வந்ததையும் அதைக் கிளாரோவிடம் சேர்த்ததில் தமக்குப் பங்கு உண்டு என்பதையும் நவம்பரில் எவெலினே ஒப்புக்கொண்டு, போட்டியிலிருந்து விலகினார். தம்மைச் சிறுமைப்படுத்த நடந்த சூழ்ச்சியைக் கேட்டவருக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ராணுவம் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த ஒன்றைக் கையில் எடுத்ததும், வாரக்கணக்கில் அதை மறைத்ததும் அவருடைய பொதுவாழ்வில் அழியாத கறை என்றே கருதுகிறேன்.

அதோடு அவர் முடிந்துபோயிருக்க வேண்டும். முடியவில்லை. கட்சியை விட்டு வெளியேறி, சுயேச்சையாக மீண்டும் மக்களவைக்குத் தேர்வாகி, 1998-இல் கோகிம்போ பகுதியின் செனட்டரானார். பின்னர் பினோசெட் ஆதரவாளர்களின் கோட்டையான யு.டி.ஐ. கட்சியில் சேர்ந்தார். அதிபரான பின்யேராவே 2011-இல் அவரைத் தொழிலாளர் நலத் துறை அமைச்சராக்கினார்.

செனட் காலத்தில் அவர் செய்த ஒரு செயலைத்தான் நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். தாயின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது மருத்துவர்கள் கருவைக் கலைப்பதைச் சிலியின் சட்டம் 1931 முதல் அனுமதித்திருந்தது. 1989-இல், ஆட்சியை விட்டு இறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், ராணுவ ஆட்சிக்குழு அந்த அனுமதியை நீக்கி முழுத் தடை விதித்தது. அந்தக் குழுவில் அவருடைய தந்தையும் ஓர் உறுப்பினர். 2010 டிசம்பரில், சோசலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த மருத்துவரான செனட்டர் ஃபுல்வியோ ரோஸியோடு சேர்ந்து, தாயின் உயிருக்கு ஆபத்து, பிழைக்க வாய்ப்பில்லாத கரு ஆகிய நிலைகளில் கருக்கலைப்பை மீண்டும் அனுமதிக்கும் மசோதாவை எவெலின் முன்வைத்தார். கருக்கலைப்பை எந்த நிலையிலும் ஏற்காத கட்சியில் இருந்துகொண்டு அவர் இதைச் செய்தார். 2012-இல் செனட் அதை நிராகரித்தபோது அவர் அமைச்சராகிச் செனட்டை விட்டுப் போயிருந்தார். அந்த இரண்டு நிலைகளோடு பாலியல் வன்கொடுமையையும் சேர்த்துச் சட்டம் நிறைவேற 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அதிபராக இருந்தவர் மிச்செல் பச்லெட்.

அதற்கு முன்பே, 2013-இல், இரு நண்பர்களின் மகள்களும் அதிபர் தேர்தலில் நேருக்கு நேர் நின்றார்கள். வலதுசாரிகளின் முதல் தேர்வு எவெலின் அல்ல. கட்சிகளுக்கிடையிலான முன்தேர்தலில் வென்ற பாப்லோ லொங்கெய்ரா மனச்சோர்வு நோயால் ஜூலையில் விலகிவிட, தேர்தலுக்கு நான்கு மாதங்களே இருந்த நிலையில் இவரை அழைத்தார்கள். முதல் சுற்றில் 25 சதவீதம், டிசம்பர் 15 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 38 சதவீதம். பச்லெட் 62 சதவீதத்தோடு வென்றார். அவ்வளவு குறுகிய காலத்தில், மதிப்பிழந்துபோன ஓர் அணியின் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடிய எவருக்கும் அதைவிட அதிகம் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

பின்னர் 2016 முதல் 2024 வரை சாந்தியாகோவின் ப்ரோவிதென்சியா நகராட்சிக்கு மேயராக இருந்து, நிர்வாகத் திறனுள்ளவர் என்ற பெயரை எடுத்தார். 2025 தேர்தலுக்கான கருத்துக்கணிப்புகளில் நெடுநாள் முன்னணியிலும் இருந்தார். ஆனால் அவ்வாண்டு ஏப்ரலில், 1973 புரட்சி தேவையாக இருந்தது, அதன் தொடக்கத்தில் நேர்ந்த மரணங்கள் தவிர்க்க முடியாதவை என்ற பொருளில் ஒரு வானொலிப் பேட்டியில் பேசினார். எதிர்ப்பு எழுந்தபின் வருத்தம் தெரிவித்தார். அல்பெர்டோ பச்லெட்டின் மரணம் 1974-ஐச் சேர்ந்தது என்பதை நினைக்கும்போது, மற்ற யார் சொல்லியிருந்தாலும் இவர் "தவிர்க்க முடியாதவை" என்ற சொல்லைத் தொட்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

அதற்குள் வலதுசாரி வாக்காளர்கள் அவரைக் கடந்து வெகுதூரம் போய்விட்டார்கள். குற்றங்களும் குடியேற்றமும் முதன்மையான பேச்சாக இருந்த தேர்தலில், யு.டி.ஐ.யிலிருந்து பிரிந்து சென்று குடியரசுக் கட்சியைத் தொடங்கிய ஹோசே அந்தோனியோ காஸ்ட் அவரை முந்தினார். எவெலினுக்கு அல்சைமர் நோய் இருப்பதாகச் சித்திரிக்கும் காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின. காஸ்டின் கட்சியைச் சார்ந்தவர்களே இதைப் பரப்புகிறார்கள் என்று அவர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டி, வழக்குத் தொடுப்பதாகவும் எச்சரித்தார். நவம்பர் 16 அன்று நடந்த முதல் சுற்றில் சுமார் 12.5 சதவீத வாக்குகளோடு ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 72 வயதை எட்டி ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. அன்று இரவே, இரண்டாம் சுற்றில் தம் ஆதரவு காஸ்டுக்கே என்று அறிவித்தார்.