கேளுங்க, சொல்றோம்: ப்ளஸ் டூ வகுப்பின் நினைவு மலர்

பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகளிடமிருந்தும், எப்போதோ முடித்துவிட்டுப் பழைய போட்டோவைத் தேடுகிறவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில் சில இந்த இதழில்.

கேள்வி: எங்க வகுப்பில் 42 பேர். மார்ச் பரீட்சை முடிந்தால் ஆளுக்கொரு திக்காகப் போய்விடுவோம். அதற்குள் சின்னதாக ஒரு நினைவு மலர் போடலாம்னு இருக்கோம். எத்தனை பக்கம், என்ன பேப்பர், அச்சகத்தில் என்ன கேட்கணும்னு ஒண்ணும் தெரியலைங்க.
– ப்ளஸ் டூ மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் பக்கக் கணக்கைப் போடுங்கள். சென்டர் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும், ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் என்பதால். 30 பக்கத்துக்கு விஷயம் வைத்துக்கொண்டு அச்சகம் போனால் 32 ஆக்கச் சொல்வார்கள், மீதி இரண்டில் பூப்படம் வரும். உங்களுக்கு ஆளுக்கு அரைப் பக்கம் என்றால் 21. தலைப்புக்கு 1, தலைமை ஆசிரியர் வாழ்த்துக்கு 1, நடுவில் குரூப் போட்டோவுக்கு 2, ஆசிரியர்கள் தொடங்கி சத்துணவு ஆயா, வாட்ச்மேன் வரைக்கும் 3, கால அட்டவணைக்கும் பள்ளி வரைபடத்துக்கும் 2, கையெழுத்து வாங்க 2. கூட்டினால் 32. அட்டை தனி. அளவு ஏ5 போதும்.

பேப்பரில்தான் எல்லோரும் சறுக்குவது. போட்டோ நன்றாக வரட்டும் என்று முழுப் புத்தகத்தையும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் போட்டுவிடுவார்கள். அதன் மேல்பூச்சில் ஜெல் பேனா மை உள்ளே இறங்காது, கை பட்டதும் ஈஷிக்கொள்ளும். ஃபேர்வெல் அன்று வாங்கிய கையெழுத்தெல்லாம் மறுநாள் நீலக் கறையாகக் கிடக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. 32 பக்கப் புத்தகத்தில் 1, 2, 31, 32 ஆகிய நான்கும் ஒரே தாள். தலைப்பும் வாழ்த்தும் முன்னால், கையெழுத்துப் பக்கங்கள் கடைசியில் என்று வைத்துக்கொண்டால், வெளித்தாள் ஒன்றை மட்டும் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் (மேல்பூச்சு இல்லாத தாள்; ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அடிக்கச் சொல்லலாம். உள்ளே இருக்கும் ஏழு தாளும் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். அட்டை 250 அல்லது 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேலே மேட் லேமினேஷன். (மேப்லித்தோ நம்மூர்ச் சரக்கும்கூட. புகளூர் டிஎன்பிஎல், பள்ளிபாளையம் சேஷசாயி என்று இரண்டு காகித ஆலைகள் கொங்கிலேயே இருக்கின்றன.)

பிரதிகள் 60க்குள் என்றால் ஆஃப்செட் வேண்டாம், டிஜிட்டல் பிரிண்ட் கேளுங்கள். ஆஃப்செட்டில் மல்டிகலர் என்றால் நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட். 50 பிரதி எடுத்தாலும் 500 எடுத்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். ஓரத்தில் வெட்டு விழுவதால், படம் பக்க விளிம்பு வரைக்கும் போகிற இடத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டியிருக்க வேண்டும். எழுத்து விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

ஆளுக்கொரு சின்னப் படத்துக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். 30க்கு 40 மில்லிமீட்டர் படத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்ததே தாராளம். குரூப் போட்டோ அப்படியல்ல. இரண்டு பக்கமும் விரிந்தால் அகலம் ஏ4 தாளின் நீளம், 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3,500 பிக்சல் வேண்டும். அதை மட்டும் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து இன்னொரு கண்ணி. நீங்கள் போனில் அடிப்பது யூனிகோடு. பல அச்சகங்களில் இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருதான் ஓடுகிறது. மாற்றும்போது சில எழுத்துகள் சிதைந்து போகலாம். யூனிகோடிலேயே இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வைக்கிறவர்கள் அதிலுள்ள 'வேர்ல்டு ரெடி கம்போஸர்' அமைப்பைப் போட மறந்தால் 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ப்ரூஃப் தாளை வகுப்பில் சுற்ற விட்டு, அவரவர் பெயரை அவரவரே படித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். இனிஷியல் தமிழிலா ஆங்கிலத்திலா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதி 'த.', பாதி 'டி.' என்று வந்தால் பார்க்கச் சகிக்காது.

பிப்ரவரியில் பிராக்டிகல் வந்துவிடும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே எழுதி வாங்கி, பொங்கல் லீவில் பக்கம் கட்டி, ஜனவரி கடைசியில் அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். போன் நம்பர், வீட்டு விலாசம், பிறந்த தேதி எதையும் அச்சில் போட வேண்டாம். புத்தகம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பிள்ளைகள் எழுதிக் கொடுத்த 38 கட்டுரைகளும் 'மறக்க முடியாத வசந்த காலம்' என்றே தொடங்குகின்றன. திருத்தினால் தீருமா?
– தமிழாசிரியை, உடுமலைப்பேட்டை

பதில்: திருத்தித் தீராதுங்க டீச்சர், திருப்பிக் கேட்டால்தான் தீரும். 'அனுபவத்தை எழுது' என்றால் வசந்த காலம்தான் வரும். அதற்குப் பதிலாகக் கேள்வித்தாள் ஒன்று கொடுங்கள். காலையில் எந்த பஸ், அதை விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு? எந்த பெஞ்ச், பக்கத்தில் யார்? வாரத்தில் எந்த நாள் யார் டப்பாவில் அரிசிம்பருப்பு சாதம்? பள்ளிக்கு வெளியே மாங்காய்த் துண்டு என்ன விலை, ஆறாவதில் என்ன விலையாக இருந்தது? எந்தப் பாடத்தில் முதல்முதலாக ஃபெயில் மார்க்? எந்த சார் எந்த வாக்கியத்தைத் தினமும் சொல்வார்? இதில் மூன்றுக்கு மட்டும் பதில், 70 சொல்லுக்குள். அரைப் பக்கத்தில் போட்டோ போக அவ்வளவுதான் கொள்ளும்.

வித்தியாசத்தைப் பாருங்கள். 'நண்பர்களுடன் பேருந்தில் பயணித்த நாட்கள் இனிமையானவை' என்பது எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதக்கூடியது. 'ஏழு பத்து டவுன் பஸ். படியில் நின்றால் கண்டக்டர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். ரிவிஷன் டெஸ்ட் அன்றைக்கு மட்டும் உட்கார இடம் கொடுப்பார்' என்று வந்தால் அது அந்த ஒரு பிள்ளையுடையது. 20 வருஷம் கழித்துப் படிக்கும்போது தேடப்போவதும் இதைத்தான்.

பொதுவான பக்கம் ஒன்றில் அந்த வருஷத்தையும் குறித்து வையுங்கள்: ஸ்பெஷல் கிளாஸ் நேரம், ஸ்போர்ட்ஸ் டேயில் எந்த ஹவுஸ் ஜெயித்தது, ஆண்டு விழாவில் வள்ளி கும்மி ஆடியவர்கள் பெயர். பண்ணாரி அம்மன் கோயில் குண்டமும் (தீமிதி) பங்குனியில்தான், பொதுத்தேர்வும் அந்த நேரத்தில்தான். நேர்ந்துகொண்டு தேர்வு எழுதியவர்களுக்கு அதுவே ஒரு பக்க விஷயம். பட்டப்பெயரை உரியவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். நிறத்தையோ உடம்பையோ சாதியையோ தொடும் பெயராக இருந்தால் சம்மதித்தாலும் வேண்டாம்.

கேள்வி: குரூப் போட்டோவை நடுப்பக்கத்தில் போட்டோம். மடிப்பு சரியாக ஹெட்மாஸ்டர் முகத்தில் விழுந்து, பின்னும் அடித்துவிட்டார்கள். இந்த வருஷம் எப்படித் தவிர்ப்பது?
– ஆசிரியர், ராசிபுரம்

பதில்: தப்பு அச்சகத்தில் இல்லை, நாற்காலி எண்ணிக்கையில். ஒற்றைப்படையில் நாற்காலி போட்டு, நட்டநடுவில் தலைமை ஆசிரியரை உட்கார வைத்தால் மடிப்பு அவர் மேல்தான் விழும். எல்லா வரிசையையும் இரட்டைப்படையில் வைத்து நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். உதாரணமாக மாணவர்கள் 42, ஆசிரியர்கள் 10 என்றால் தரையில் 12, நாற்காலியில் 10, பின்னால் நின்று 14, பெஞ்ச் மேல் 16.

காலை 9 மணிக்குள், கட்டடத்தின் முழு நிழலில் எடுங்கள். வேப்பமர நிழல் ஆகாது. இலை இடுக்கு வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழும். வெயிலைப் பார்த்து நிறுத்தினால் பாதிப் பேர் கண்ணைச் சுருக்குவார்கள். போனில் எடுப்பதானால் 0.5 ஜூம் பக்கமே போகாதீர்கள், ஓரத்தில் நிற்கிறவர்கள் அகலமாகிவிடுவார்கள். பின்னால் தள்ளி நின்று 2 எக்ஸில் எடுங்கள். யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார் என்பதால் பத்துப் படமாவது வேண்டும். கலைந்து போவதற்குள் ஒரு மாணவி நோட்டுடன் வந்து, வரிசைவாரியாக இடமிருந்து வலம் பெயர் எழுதி முடிக்க வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் வந்திருந்த ட்ரெயினி டீச்சர் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கேள்வி: கடைசி நாளில் வெள்ளைச் சட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். போன வருஷ அண்ணன்கள் சட்டை ஒரே துவைப்பில் போய்விட்டதாம். பேட்ச் டீ-சர்ட்டும் அடிக்கலாமா?
– மாணவன், திருப்பூர்

பதில்: சட்டையைக் கஞ்சி போக முதலில் ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும், தம்பி. சாதாரண மார்க்கரும் ஜெல் பேனாவும் வேண்டாம், துணிக்கென்று விற்கும் ஃபேப்ரிக் மார்க்கர் வாங்குங்கள். முன்பக்கத்து மை முதுகில் ஊறாமல் உள்ளே ஒரு அட்டை வையுங்கள். ஒருநாள் காயவிட்டு, உள்பக்கம் வெளியே திருப்பி, நீராவி இல்லாமல் இஸ்திரி போட்டால் மை பிடித்துக்கொள்ளும். துவைப்பதானால் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், பிளீச்சும் சொட்டு நீலமும் கூடாது. யூனிஃபார்ம் துணியில் பாலியஸ்டர் அதிகம் என்றால் மை அவ்வளவாகப் பிடிக்காது. பருத்திச் சட்டை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

டீ-சர்ட்டுக்கு ஊரே உங்களுடையது. 180 ஜிஎஸ்எம் காட்டன், பயோவாஷ் (துணியின் பிசிறு நீக்கி மென்மையாக்கும் சலவை) என்று கேளுங்கள். முதுகில் 42 பெயரும் தமிழில் வர வேண்டும் என்றால் ஸ்கிரீன் பிரிண்டில் சின்ன எழுத்தின் சுழி அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்துப் புள்ளி மேல் எழுத்தோடு ஒட்டிவிடும். பெயர்களை டிடிஎஃப்பில் (ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு ஏற்றுவது) போட்டு, முன்பக்கத்துப் பெரிய எழுத்தை மட்டும் ஒரு நிற ஸ்கிரீனில் அடித்தால் செலவும் குறையும். சப்ளிமேஷன் (சூட்டில் மையை ஆவியாக்கித் துணியில் ஏற்றுவது) மலிவு என்று யாராவது சொன்னால், அது பாலியஸ்டருக்குத்தான், காட்டனில் நிற்காது.

கேள்வி: 1980ல் ப்ளஸ் டூ முடித்தோம். எங்கள் ஒரே குரூப் போட்டோ ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்க முடியுமா? பாதிப் பேர் யாரென்றும் தெரியவில்லை.
– வாசகர், காங்கேயம்

பதில்: பிரிக்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃபிரேமின் மரச்சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐயில் எடுங்கள். ஸ்கேனர் கொள்ளவில்லை என்றால் நிழலில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து எடுத்தால் பிரதிபலிப்பு விழாது. லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம், அந்தச் சூடே படத்தைக் கெடுக்கும்.

ப்ளஸ் டூ 1978ல்தான் வந்தது, நீங்கள் முதல் செட். உங்கள் படத்துக்கு மதிப்பு அதிகம். பிரிண்ட் ஒன்றில் ஒவ்வொரு முகத்துக்கும் நம்பர் போட்டு வாட்ஸ்அப் குழுவில் விடுங்கள். ஒரு நம்பருக்கு இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால்தான் எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஞாபகத்தை மட்டும் நம்பினால் அண்ணன் தம்பியை மாற்றிவிடுவார்கள். மீதிக்குப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். பெண்களுக்குப் பள்ளிக்கால இனிஷியலை முதலில் எழுதி, இப்போதைய பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள்.

கேள்வி: எங்களுடையது 2021 செட். ஃபேர்வெல்லும் இல்லை, பரீட்சையும் இல்லை. மலரில் எழுத என்ன இருக்கிறது?
– வாசகி, கரூர்

பதில்: வேறு எந்த செட்டுக்கும் இல்லாதது இருக்கிறது. கல்வி தொலைக்காட்சியில் பாடம், ஜனவரி 19ல் பள்ளி திறந்தது, ஏப்ரலில் மாஸ்க் போட்டுக்கொண்டு பிராக்டிகல், ஜூனில் தேர்வு ரத்து. பிறகு டென்த் 50, ப்ளஸ் ஒன் 20, ப்ளஸ் டூ 30 சதவீதம் என்று போட்ட மார்க். டென்த்தில் கோட்டை விட்டவர்களுக்கு அந்த 50 என்ன செய்தது என்று ஆளுக்கு நான்கு வரி கேளுங்கள். ஆன்லைன் கிளாஸ் ஸ்கிரீன்ஷாட் யார் போனிலாவது இருக்கும். போன் மாற்றுவதற்குள் வாங்கிவிடுங்கள்.