எக்கோவால் ஜேசன் கட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 14 லினக்ஸ் சர்வர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரிந்துகொள்ள, முன்பு ஒப்பந்தத்தில் வேலை செய்தவர் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார். டிஸ்க் கணக்கைக் காட்டும் டிஎஃப் கட்டளையின் அவுட்புட்டை, வரிகளைத் துண்டு போடும் ஆக் கட்டளை வைத்து வெட்டி, எழுத்தை அச்சிடும் எக்கோ கட்டளை போட்டு ஜேசனாக்கி (நிரல்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம் அது), எல்லாச் சர்வர் கணக்கையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டுக்கு அனுப்பும். 12 சர்வர்களில் பிரச்சினை இல்லை. இரண்டில் மட்டும் அடிக்கடி ‘ஜேசன் தவறு’ என்று டாஷ்போர்டு திருப்பிவிடுகிறது. அப்போதெல்லாம் அவுட்புட்டை ஓர் ஆன்லைன் கன்வெர்ட்டரில் ஒட்டி, சரிசெய்து, கையால் ஏற்றுகிறேன். ஸ்கிரிப்ட் எழுதியவரைக் கேட்டால், எல்லாவற்றையும் பைத்தானில் புதிதாக எழுத வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். எனக்கு நிரலாக்கம் அவ்வளவாகத் தெரியாது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஆன்லைன் கன்வெர்ட்டரை இன்றோடு விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் ஒட்டுவது வெறும் டிஸ்க் கணக்குதானே என்று நினைப்பீர்கள். டிஎஃப் அவுட்புட்டின் முதல் நெடுவரிசையை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நெட்வொர்க் வழியாக இணைத்த டிஸ்க் இருந்தால், அது எந்தச் சர்வரில் இருக்கிறது, அதன் உள் முகவரி என்ன என்பது அப்படியே அங்கே இருக்கும். எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக இணைத்திருந்தால் பயனர் பெயரும் சேர்ந்து வரும். அந்தத் தளத்தை நடத்துபவர் யார், ஒட்டியதைச் சேமித்து வைக்கிறாரா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருவர் இதே போல் ஒரு லாகை (நிரல் எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவை) ஒட்டினார். அதன் நடுவே ஒரு வரியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தது. அன்று இரவு முழுக்க நாங்கள் பாஸ்வேர்டு மாற்றிக்கொண்டிருந்தோம். அந்த லாகை ஜேசனாக்க அவருக்குத் தேவைப்பட்ட கருவி, 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஜேக்யூ. நிறுவ அனுமதி கேட்டு அவர் எழுதிய விண்ணப்பம் பல வாரங்களாகக் கிடப்பில் இருந்தது. திறந்த மூலக் கருவி, ஒரே ஒரு கோப்பு, அதற்கு அனுமதி இல்லை. ஆனால் பிரவுசரைத் திறந்து முன்பின் தெரியாத தளத்தில் எதையும் ஒட்டலாம், அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். இப்படி விதி எழுதுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் அலுவலகத்திலும் இதே நிலை என்றால், மேலே இருப்பவர்களிடம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

சரி, ஸ்கிரிப்ட்டுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ஐந்து வரிகளையும் பார்த்தேன். கோளாறு டிஎஃப் வரியின் கடைசியில் இருக்கும் ‘2>&1’ என்ற துண்டிலிருந்து தொடங்குகிறது. ஒரு கட்டளைக்கு வெளியே போக இரண்டு வாசல் உண்டு: ஒன்று பதிலுக்கு, இன்னொன்று பிழைச் செய்திக்கு. இந்தத் துண்டு இரண்டையும் ஒரே குழாயில் கலந்துவிடுகிறது. அந்த இரண்டு சர்வர்களிலும் நெட்வொர்க் டிஸ்க் இணைத்திருக்கிறீர்கள். அந்த இணைப்பு கெட்டுப்போகும் நாளில் டிஎஃப் ஒரு பிழைச் செய்தியைச் சொல்லும். டிஎஃப் எல்லா டிஸ்கையும் பார்த்து முடித்த பிறகுதான் அட்டவணையை அச்சிடும், ஆகவே பிழைச் செய்தி அட்டவணைக்கு முன்பே வந்துவிடும். உங்கள் ஆக் வரியோ, முதல் வரி தலைப்பு என்று நம்பி அதைத் தள்ளிவிட்டு இரண்டாம் வரியிலிருந்து படிக்கிறது. விளைவைப் பாருங்கள்: பிழைச் செய்தி தலைப்பு என்று எண்ணப்பட்டுத் தூக்கி எறியப்படுகிறது, உண்மையான தலைப்பு வரி தரவாக உள்ளே நுழைகிறது. சதவீத எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘யூஸ்’ என்ற தலைப்புச் சொல் மேற்கோள் குறி இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. டாஷ்போர்டு அதைத் திருப்பி அனுப்பியது நியாயம்தான். டிஸ்க் இணைப்பு போய்விட்டது என்ற நிஜமான செய்தியை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, ஒழுங்காக ஓடுவதாக நீங்கள் சொல்லும் 12 சர்வர்கள். ஆக் இடைவெளியைப் பார்த்துத்தான் வெட்டும். டிஸ்க் இணைத்த ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால், பெயரின் முதல் சொல் மட்டும் ஜேசனுக்குள் போகும், மீதி காணாமல் போகும். ஜேசன் இலக்கணப்படி அது சரியாகவே இருப்பதால் டாஷ்போர்டு ஏற்றுக்கொள்ளும். ‘பழைய கோப்புகள்’, ‘பழைய படங்கள்’ என்று இரண்டு ஃபோல்டர் இருந்தால் இரண்டுமே ‘பழைய’ என்று பதிவாகி, ஒன்றின் கணக்கு இன்னொன்றின் மேல் எழுதப்படலாம். முறைத்துக்கொண்டு நிற்கும் தவறைப் பிடித்துவிடலாம். இப்படி நல்ல பிள்ளையாக உள்ளே போகும் தவறு மாதக்கணக்கில் தெரியாது.

அப்புறம் டிஎஃப் வரியில் இருக்கும் அந்த ‘மைனஸ் எச்’ என்ற ஸ்விட்ச் (கட்டளைக்குப் பின்னால் மைனஸ் குறியோடு சேர்க்கும் குறிப்பு). அது மனிதர் படிப்பதற்காக 9.8ஜி, 120ஜி என்று சுருக்கிக் காட்டும், அதையும் மேல்நோக்கி முழுமையாக்கித்தான் காட்டும். டாஷ்போர்டு இதை எழுத்தாக வரிசைப்படுத்தினால் 9.8ஜி 120ஜிக்கு மேலே போய் நிற்கும், ஏனென்றால் 9 என்ற எழுத்து 1ஐ விடப் பெரியது. இயந்திரத்துக்கு அனுப்பும் எதிலும் மைனஸ் எச் வேண்டாம். பைட்டில் அனுப்புங்கள், ஜிபியாக மாற்றிக் காட்டுவது டாஷ்போர்டின் வேலை.

இப்போது தீர்வு. ஆக் வரியை ஒட்டுப் போட்டுச் சரிசெய்யச் சொல்ல மாட்டேன். மனிதர் கண்ணுக்காக அலங்கரித்த அட்டவணையைத் திரும்பத் தரவாகப் பிரிப்பதே வேண்டாத வேலை. கட்டளையிடமே ஜேசனாகக் கேளுங்கள். உங்கள் சர்வர்களில் ஃபைண்ட்மவுன்ட் என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கும், ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உள்ள யூடில்-லினக்ஸ் தொகுப்போடு வருவது அது. மூன்று ஸ்விட்ச் போதும். பெரிய டி (ஆங்கிலப் பெரிய எழுத்து) போட்டால் டிஎஃப் போலவே அளவு, பயன்படுத்தியது, மிச்சம், இணைத்த இடம் எல்லாம் தரும். பெரிய ஜே போட்டால் ஜேசனாகத் தரும். சின்ன பி போட்டால் பைட்டில் தரும். பெயரில் இடைவெளி இருந்தாலும், மேற்கோள் குறி இருந்தாலும், பின்சாய்கோடு இருந்தாலும் கட்டளையே பார்த்துக்கொள்ளும். உங்கள் ஐந்து வரிகளில் நான்கு இத்தோடு தேவையற்றுப் போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். சதவீதம் டிஎஃப் காட்டுவதிலிருந்து கொஞ்சம் மாறித் தெரியலாம். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை பொதுவாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு கட்டளைகளும் வேறுபடுகின்றன. சதவீதத்தை விட்டுவிட்டு, மிச்சம் எத்தனை பைட் என்பதை வைத்தே எச்சரிக்கை அமையுங்கள்.

இதே போல் சர்வரில் உள்ள டிஸ்குகளின் பட்டியலுக்கு எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பெரிய ஜே உண்டு, நெட்வொர்க் விவரத்துக்கு ஐபி கட்டளையில் சின்ன ஜே உண்டு, ஜர்னல்சிடிஎல் லாகையும் ஜேசனாகவே தரும். ஆனால் ஒன்றில் பெரிய எழுத்து, ஒன்றில் சின்ன எழுத்து, டிஎஃப்பில் அந்த வசதியே இல்லை! லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் பைப் வந்தது 1973இல். ஒரு கட்டளையின் அவுட்புட் இன்னொன்றின் உள்ளீடாகும் என்பது அன்றே முடிவான விஷயம். 2006இல் வந்த மைக்ரோசாஃப்டின் பவர்ஷெல், எழுத்தாக அனுப்பாமல் தரவாகவே அனுப்பிக் காட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் எழுத்தை வெட்டி ஒட்டும் வேலையை ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொருவர் புதிதாகச் செய்துகொண்டிருப்பது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ஜேசன் தராத கட்டளைகளுக்கு ஜேசி என்று ஒரு கருவி இருக்கிறது, பல கட்டளைகளின் அவுட்புட்டை அதுவே படித்து மாற்றித் தரும். அதுவும் இலவசம்தான்.

சர்வர் பெயரையும் நேரத்தையும் சேர்க்க வேண்டுமே என்பீர்கள். அங்கேதான் எக்கோ திரும்ப உள்ளே வரும், விடாதீர்கள். எக்கோவில் மேற்கோள் குறியும் காற்புள்ளியும் போட்டுக் கட்டினால், உள்ளே வரும் பெயரில் ஒரே ஒரு மேற்கோள் குறி இருந்தாலும் எல்லாம் இடிந்துவிடும். கடைசி உருப்படிக்குப் பிறகு ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் ஜேசன் செல்லாது. ஜேக்யூவில் ‘ஆர்க்’ என்ற ஸ்விட்சின் வழியாகப் பெயரைக் கொடுங்கள். எந்த எழுத்து வந்தாலும் அதுவே தப்பு நேராமல் மேற்கோளுக்குள் வைக்கும். எண்ணாகவே போக வேண்டியதற்கு ‘ஆர்க்ஜேசன்’ என்று தனி ஸ்விட்ச் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதில் விழாதவரை நான் பார்த்ததில்லை. எண் போலத் தெரிவதெல்லாம் எண் அல்ல. உங்கள் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் டிஸ்கின் சீரியல் நம்பரையும் அனுப்புகிறீர்கள். அது 0041 என்று தொடங்கினால், எண்ணாக அனுப்பக் கூடாது, ஜேசனில் முன்னால் பூஜ்யம் வைத்த எண்ணுக்கு இடமே இல்லை. சரி, பூஜ்யத்தை நீக்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். நீக்கினால் அது வேறு டிஸ்கின் நம்பர். இன்னொரு வகையும் உண்டு: நம்பருக்கு நடுவே ‘இ’ என்ற ஆங்கில எழுத்து ஒன்று வந்து மற்றதெல்லாம் இலக்கமாக இருந்தால், அறிவியல் முறையில் எழுதிய எண் என்று எடுத்துக்கொண்டு பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்துவிடும். 12, அப்புறம் இ, அப்புறம் 5 என்பது 12 லட்சம் ஆகிவிடும். மென்பொருள் பதிப்பு 1.10ஐ எண்ணாக அனுப்பினால் 1.1 ஆகும், அது ஒன்பது பதிப்புகளுக்கு முந்தையது. கோப்பு அனுமதி 0755க்கும் இதே கதி. மிக நீளமான ஐடிகளோ இன்னும் மோசம். பல கருவிகள் 9007199254740992க்கு மேற்பட்ட முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது, கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். பைட் கணக்குக்கு இந்த எல்லை தாராளம், அது சுமார் 9 பீட்டாபைட்டுக்குச் சமம். ஆனால் 18, 19 இலக்க ஐடிக்கு இது போதாது. ஆகவே ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பேனா? பார்ப்பேன் என்றால் எண். இல்லை, வெறும் அடையாளம்தான் என்றால் மேற்கோளுக்குள் எழுத்து. சீரியல் நம்பர் எப்போதும் எழுத்துதான்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். உருவான ஜேசனை ஒரு கோப்பில் எழுதி, ஜேக்யூவை ‘மைனஸ் இ’ ஸ்விட்சோடு அதன் மேல் ஓட்டுங்கள். தவறென்றால் அனுப்பாமல் நிறுத்தி உங்களுக்கு அஞ்சல் போகட்டும். மைனஸ் இ முக்கியம். அது இல்லாவிட்டால் வெறுமையான கோப்பையும் ஜேக்யூ சரியென்று விட்டுவிடும், ஏனென்றால் அதில் தவறு எதுவும் இல்லையே. பைப் போட்ட வரியில் முதல் கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளையின் முடிவுதான் கணக்கில் வரும் என்பதால், ஸ்கிரிப்ட்டின் தலையில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பையும் போட்டுவிடுங்கள். பிழைச் செய்திகள் தனிக் கோப்புக்குப் போகட்டும், அந்தக் கோப்பு காலியாக இல்லாத நாளில் யாராவது அதைத் திறந்து படிக்க வேண்டும்.

பைத்தானில் எழுதுவது தவறல்ல, நல்ல மொழி. ஆனால் உங்கள் வேலைக்கு அது தேவையில்லை, அதற்குக் கட்டணம் கொடுப்பது அதைவிடத் தேவையில்லை. டிஎஃப்பின் அட்டவணையை இடைவெளி பார்த்து வெட்டுகிறவர், பைத்தானிலும் அதே அட்டவணையை அதே இடைவெளி பார்த்துத்தான் வெட்டுவார். மொழி மாறும், கோளாறு இருக்கும். எழுதிக் கொடுக்கும்போது நன்றாக ஓடும், ஆறு மாதம் கழித்து ஒரு ஃபோல்டர் பெயரால் உடையும், அப்போது மறுபடியும் கட்டணம். இப்படிப் பிழைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். யாரிடம் வேலை கொடுத்தாலும், பணம் கொடுக்கும் முன் அவர் கண்ணெதிரே ஒரு சோதனைச் சர்வரில் இரண்டு சொல் பெயரும் நடுவில் ஒரு மேற்கோள் குறியும் உள்ள ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதில் ஒரு டிஸ்கை இணைத்து, ஸ்கிரிப்ட்டை ஓட்டச் சொல்லுங்கள். பெயர் முழுசாக வந்தால் பேசலாம்.

புதிய ஸ்கிரிப்ட்டைத் தகராறு செய்யும் அந்த இரண்டு சர்வர்களிலும் முதலில் போடுங்கள். பழையதையும் நிறுத்தாமல் ஒரு வாரம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், அப்புறம் மற்ற 12க்குப் போகலாம். அதற்கிடையே, இதுவரை கன்வெர்ட்டரில் ஒட்டியவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள். டிஎஃப் தவிர வேறு எதையாவது ஒட்டியிருந்து, அதில் பாஸ்வேர்டோ டோக்கனோ இருந்திருக்கலாம் என்று சின்னச் சந்தேகம் வந்தாலும், அதை இன்றே மாற்றிவிடுங்கள்.