புட்டு தெரியாத ஆப்: கேள்வி பதில்

பரந்தனில போன் திருத்துற கடை வச்சிருக்கிறன். போன வருசம் சீனி வருத்தம் பிடிபட்ட பிறகு, சாப்பாடும் நடையும் பதியிற ஆப் ஆறேழைப் போட்டுக் கழட்டியாச்சு. கடைக்கு வாறவை கேட்டதுகளுக்குப் பதில் கீழ. நான் டொக்டர் இல்லை, அதை நினைவில வச்சு வாசியுங்கோ.

தம்பி, கனக்கச் சொல்லிக் குழப்பாமல் ஒரு ஆப்பைச் சொல்லும். (மாங்குளம், ஒரு அக்கா)

குரோனோமீற்றர், அக்கா. மைபிட்னஸ்பால் பெரிய ஆப்தான். ஆனால் பார்கோட் ஸ்கானை 2022இல காசு கட்டுறவைக்கு மட்டும் எண்டு மாத்திட்டினம். அதில கன பதிவுகள் எங்களை மாதிரி ஆக்கள் ஏத்தினது, பிழையும் சேர்ந்து வரும். குரோனோமீற்றரில ஆய்வுகூடத்தில அளந்த தரவு கூட. சொந்தச் சமையலைச் செய்முறையாப் பதியவும் காசு இல்லை. நான் அதை எடுத்தது அதுக்காகத்தான்.

புட்டு எண்டு தேடினால் நாலு விதமா வருது. எதை நம்புறது? (விசுவமடு, ஒரு தங்கச்சி)

ஒண்டையும் நம்பாதையுங்கோ. உங்கட வீட்டுப் புட்டை நீங்களே பதியுங்கோ. நான் செய்ததைச் சொல்லுறன். அரிசிமா 250 கிராம், துருவின தேங்காய் 150 கிராம். மா கிட்டத்தட்ட 900 கலோரி, தேங்காய் 530. அவிச்சுக் கொட்டினாப் பிறகு நிறுத்தன், 600 கிராம். அப்ப 100 கிராமுக்கு 240 அளவில வருது. இதை "வீட்டுப் புட்டு" எண்டு ஒருக்காப் பதிஞ்சு வச்சால், பிறகு கோப்பையில விழுறதை மட்டும் நிறுத்துப் போடலாம். சொதிக்கும் இதே வேலைதான். அதில பால் எவ்வளவு விடுறியள் எண்டது உங்களுக்குத்தான் தெரியும், ஆப்புக்குத் தெரியாது.

சோத்தில இன்னொரு கிடங்கு இருக்கு. சமைக்காத அரிசி 100 கிராம் 360 கலோரி, அதே நிறை சோறு 130தான், மிச்சம் தண்ணி. தட்டில இருக்கிற 300 கிராம் சோத்தை "அரிசி" எண்டு பதிஞ்சால் 390 வர வேண்டிய இடத்தில 1,080 காட்டும். ஒரு பொடியன் அதைப் பார்த்துப் பயந்து இரவுச் சாப்பாட்டை விட்டவன்.

படம் எடுத்தாலே கலோரி சொல்லுற ஆப்?

படத்தில தேங்காய்ப்பால் தெரியுமோ? எண்ணெய்?

விடிய ஆறு மணிக்கு வயலுக்கு இறங்கி மண்வெட்டி பிடிக்கிறன். பின்னேரம் பார்த்தால் ஆப் 1,200 காலடி எண்டு காட்டுது. (முள்ளியவளை, ஒரு அண்ணை)

அண்ணை, போன் எங்க இருந்தது? கொட்டிலில தொங்கினதெண்டால் 1,200ஏ கூட. பொக்கற்றில இருந்தாலும் அது பார்க்கிறது நடக்கேக்க உடம்பு குலுங்கிற குலுக்கத்தை. மண்வெட்டி வேலையும் சைக்கிள் மிதிக்கிறதும் அதுக்கு நடையாத் தெரியாது. தோட்டவேலை எண்டு மணித்தியாலத்தைக் கையாலே போட்டு விடுங்கோ. நாளுக்கு 10,000 காலடி எண்ட இலக்குக்குக் கவலைப்படாதையுங்கோ. அது 1965இல யப்பானில வித்த ஒரு காலடி எண்ணும் கருவியின்ர பேரால வந்த கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது கிழமைக்கு ஆகக்குறைஞ்சது 150 நிமிசம் மிதமான உடலுழைப்பு. உங்களுக்கு அது திங்கட்கிழமை மத்தியானமே முடிஞ்சிடும்.

அப்பாவுக்கு சீனி. கலோரியைப் பார்க்கிறதோ வேற ஏதுமோ? (புதுக்குடியிருப்பு)

மாச்சத்தைப் பாருங்கோ. ஆப்பில "கார்ப்ஸ்" எண்டு கிடக்கும். பிளேன்ரீயையும் விடாமல் பதியுங்கோ. ரெண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு அஞ்சு தரம் எண்டால் 40 கிராம் சீனி. பனங்கட்டியைக் கடிச்சுக் குடிக்கிறார் எண்டால் அதையும் எழுதுங்கோ, அதுவும் சீனிதான். எங்கட அப்பா அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் ஆப் சொல்லுது எண்டு சாப்பாட்டைச் சட்டெண்டு குறைக்க வேண்டாம். இன்சுலினும் சில குளிசைகளும் எடுக்கிறவைக்கு சீனி கீழ இறங்கி மயக்கம் வரும். ரெண்டு கிழமைப் பதிவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கோ.

பிள்ளைக்குப் பால் குடுக்கிறன். ஆப் 1,200 கலோரி எண்டு இலக்கு போடுது.

அந்த இலக்கை அழியுங்கோ. மிட்வைவ் அக்காவைக் கேட்டுட்டுத்தான் குறைக்கிறது.

டேட்டா இல்லாமல் வேலை செய்யுமோ? (ஒட்டுசுட்டான்)

ஓட்டம், நடைக்கு ஓப்பன்ட்ராக்ஸ் போடுங்கோ. இணைய அனுமதியே கேக்காது, காசும் இல்லை. பதிவு உங்கட போனுக்குள்ளயே கிடக்கும்.

இரணைமடுக் குளக்கட்டில ஓடுறன், ஓட்டம் பதியிற ஸ்ட்ராவா ஆப் பிழையோ? (கிளிநொச்சி, ஒரு தம்பி)

ஆப் நல்லது, அமைப்பைத்தான் பார்க்கவேணும். 2018இல அவையின்ர வெப்ப வரைபடத்தில (ஆக்கள் ஓடின தடமெல்லாம் ஒளிருற வரைபடம்), ஓடின ஆக்களின்ர தடத்தால வெளிநாட்டு இராணுவ முகாம்களின்ர வடிவம் வெளிச்சத்துக்கு வந்தது. எங்கட பக்கம் முகாம் எத்தினை எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டு வாசலில இருந்து தொடங்கிறதையும் முடிக்கிறதையும் மறைக்க அமைப்பு இருக்கு. அதைப் போட்டுட்டு, பதிவை "நான் மட்டும்" எண்டு மாத்துங்கோ.

அம்மா புட்டை நிறுக்க விடுறா இல்லை. சாப்பாட்டுக்குக் கண்பட்டிடுமாம். (விசுவமடு, அதே தங்கச்சி)

மாவையும் தேங்காய்த் துருவலையும் குழைக்க முதல் நிறுங்கோ, அதைப் பார்த்து ஒருத்தரும் கண்படுறேல்லை. பிறகு நீத்துப்பெட்டியால கொட்டினதை எத்தினை சிரட்டை எண்டு எண்ணுங்கோ. மொத்தக் கலோரியைச் சிரட்டைக் கணக்கால பிரிச்சு, ஆப்பில ஒரு பங்கு ஒரு சிரட்டை எண்டு பதியலாம். ஒரே சிரட்டையை வச்சு அளவுங்கோ.