ஆலிவைத் தாளிக்காதீர்கள், வெதுவெதுப்பாக்கினால் போதும்

கேள்வி இதுதான்: வாங்கி வைத்த ஆலிவ் பாட்டில் அப்படியே தின்ன முடியாமல் உப்புக் கரிக்கிறது, அதை வைத்து வீட்டுக்கு வருபவர்களுக்குச் சட்டென்று ஏதாவது செய்ய முடியுமா? முடியும். எண்ணெயில் பூண்டு, ஆரஞ்சுத் தோல், சோம்பு எல்லாம் போட்டு மெல்லச் சூடாக்கி, வெதுவெதுப்பாக ரொட்டியோடு வைத்துவிடுங்கள். கழுவுவது ஊறவைப்பது எல்லாம் சேர்த்தே அரை மணி நேரம்தான், அதிலும் அடுப்பில் நிற்பது 10 நிமிடம்.

ஸ்பெயினில் செவில் நகரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திரியானா சந்தையில் ஆலிவை வாளி வாளியாக வைத்து எடை போட்டு விற்பார்கள். சின்னதாக மன்சனில்யா, தடித்த கோர்தால், அப்புறம் தட்டி நசுக்கி பூண்டும் தைம் என்கிற வாசனை இலையும் சேர்த்து ஊறவைத்த ஒரு வகை (நான் அதிகம் காசு செலவழித்தது இதில்தான்). ஆனால் நான் போன பார்களில் யாரும் ஆலிவைச் சூடாகத் தந்ததில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது உடன் வேலை பார்த்த ஒரு சிசிலிக்காரப் பெண், ஒரு ஜனவரி ராத்திரி, வீட்டில் ஹீட்டர் மக்கர் செய்துகொண்டிருந்தபோது.

அவள் செய்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் நானே செய்தேன். நம் கை தாளித்துப் பழகிய கை இல்லையா, எண்ணெயை நன்றாகக் காயவிட்டு பூண்டைப் போட்டேன், அது கருகியது, பதறிப்போய் பாட்டிலிலிருந்து நேரே உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆலிவைக் கொட்டினேன். தெறித்தது பாருங்கள், சுவரில் இருந்த டைல்ஸ் வரைக்கும் எண்ணெய், முன்கையில் இரண்டு கொப்புளம், பூண்டுக் கசப்பில் ஆலிவும் வீண்.

ஆகவே முதலில் ஆலிவை வடிகட்டி, இரண்டு மூன்று தடவை கழுவி, வெந்நீரில் கால் மணி நேரம் போட்டுவையுங்கள். உப்பு இதிலேயே கொஞ்சம் குறைந்துவிடும். பிறகு துணியில் உருட்டி ஈரம் போகத் துடையுங்கள், இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட வேண்டாம். இரண்டு கப் ஆலிவுக்கு அரை கப் ஆலிவ் எண்ணெய், தட்டிய பூண்டு 4 பல், கீறாத வற்றல் மிளகாய் 2, சோம்பு அரை ஸ்பூன், ஆரஞ்சுத் தோல் விரல் நீளத்துக்கு 3 துண்டு. தோலின் உள்பக்க வெள்ளையைக் கத்தியால் சுரண்டிவிட்டால் கசக்காது. ரோஸ்மேரி, தைம் இலை கிடைத்தால் ஒரு கொத்து. தைம் கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை ஓமம், ஏனென்றால் தைமுக்கு அந்த வாசனையைத் தருகிற தைமால் ஓமத்திலும் இருக்கிறது. ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் வயிற்றுவலிக் கஷாயம் மாதிரி ஆகிவிடும்.

ஆலிவைத் தவிர எல்லாவற்றையும் பச்சை எண்ணெயிலேயே போட்டு, அடுப்பை இருப்பதிலேயே சின்னத் தீயில் வையுங்கள். கடுகு வெடிக்கிற சூடு வரவே கூடாது. கொஞ்ச நேரத்தில் பூண்டைச் சுற்றி ஊசிமுனை அளவுக்குக் குமிழ்கள் வரும், ஆரஞ்சுத் தோலின் ஓரம் லேசாகச் சுருளும், வாசனை கூடம் வரை போகும். பூண்டு வெளுப்பாகவே இருக்கும்போது ஆலிவைச் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் கிளறி இறக்கிவிடுங்கள். இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழியலாம். உப்பு ஒரு துளிகூட வேண்டாம். இந்தப் பத்து நிமிடத்தில் ஆலிவுக்கு உள்ளே பெரிதாக எதுவும் இறங்கிவிடாது, ருசி எல்லாம் மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயில்தான். அதனால்தான் ரொட்டி வேண்டும் என்கிறேன். உள்ளே இறங்க வேண்டுமென்றால் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் ஊறட்டும், மறுநாள் மறுபடி வெதுவெதுப்பாக்கிக்கொள்ளலாம்.

எந்த ஆலிவ் என்றால், கொட்டையோடு இருப்பது. கொட்டை எடுத்ததில் நடு ஓட்டைக்குள்ளும் உப்புத் தண்ணீர் புகுந்து சதை தொளதொளவென்று இருக்கும். பீட்சாவுக்கென்று வட்டமாக வெட்டி விற்பதை இதற்குத் தொடவே வேண்டாம். பச்சையில் மன்சனில்யா, கருநீலத்தில் கிரேக்கத்துக் கலமாத்தா இரண்டையும் கலந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். டப்பாவில் மை பூசினதுபோல ஒரே கருப்பாக வருகிறதே, அது பெரும்பாலும் மரத்தில் பழுத்துக் கறுத்தது இல்லை. பழுக்காத காயைக் காரத் தண்ணீரில் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா மாதிரியான காரம்) போட்டு, காற்றுப் படவைத்துக் கறுக்கவைப்பது. நிறம் நிற்பதற்கு ஃபெரஸ் குளுக்கோனேட் சேர்ப்பார்கள், லேபிளில் இ579 என்று இருக்கும். கெடுதல் ஒன்றுமில்லை, ருசியும் ஒன்றுமில்லை. இன்னொன்று, பாட்டிலில் மொத்த எடை, தண்ணீர் வடித்த எடை என்று இரண்டு எண் போட்டிருந்தால் இரண்டாவதைப் பார்த்து வாங்குங்கள்.

ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் செய்யலாமா என்று அம்மா கேட்டார், செய்தும் பார்த்தார். எள்ளு வாசனையில் ஆலிவ் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் மிச்சத்தைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு இரண்டே நாளில் காலி பண்ணியதும் அவர்தான்.

பரிமாறும்போது பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம் வைத்து, கொட்டை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்ட அன்று பெரியப்பா திராட்சை என்று நினைத்து நறுக்கென்று கடித்து, ராத்திரி முழுக்கத் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிச்சமானால் வெளியே வைக்கவே வேண்டாம். எண்ணெய்க்குள் காற்றுப் படாமல் கிடக்கிற பூண்டில் பொட்டுலிசம் என்கிற கொடிய நச்சு நோயைத் தருகிற கிருமி வளரலாம், அது விளையாட்டு இல்லை, வாசனையிலோ ருசியிலோ காட்டிக்கொடுக்கவும் செய்யாது. ஆறினதும் ஃபிரிட்ஜ், மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், கொஞ்சம் வெளியே வைத்தால் தெளிந்துவிடும். அந்த எண்ணெயில் வேகவைத்த உருளைக்கிழங்கைப் புரட்டித்தான் எங்கள் வீட்டில் மறுநாள் ராத்திரிச் சாப்பாடு.